கடிதமும் குரலும்: குடும்ப வரலாற்றைச் சேமித்து வைப்பது எப்படி?

இரண்டாம் உலகப் போரின்போது, 1942-43-இல், ஜப்பானிய ராணுவம் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ரயில் பாதை போட்டது. சயாம் மரண ரயில் என்று தமிழில் சொல்வது அதைத்தான். அங்கே வேலை வாங்கப்பட்டவர்கள் இரண்டு வகையினர். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நெதர்லாந்து முதலிய நாடுகளின் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். மலாயா, பர்மா, ஜாவா பக்கங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் பல்லாயிரம் பேர் இந்த இரண்டாவது கூட்டத்தில் இருந்தார்கள். போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தொழிலாளர்களில் இறந்தவர்களுக்கு இன்றைக்கும் சரியான கணக்கு இல்லை. 90,000 வரை இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு.

போர்க்கைதிகளில் சிலர் காவலர்கள் கண்ணில் படாமல் நாட்குறிப்பு எழுதினார்கள், கிடைத்த தாளில் படம் வரைந்தார்கள். ஊர் திரும்பியவர்கள் புத்தகம் எழுதினார்கள். அவர்களுடைய ராணுவங்களிடம் பெயர்ப் பட்டியல் இருந்தது. காஞ்சனபுரிக்குப் போனால் இறந்த கைதிகளின் கல்லறைகள் பெயர் பொறித்து வரிசை வரிசையாக இருப்பதைப் பார்க்கலாம். தோட்டத்துத் தமிழர்களுக்கு இவை வாய்க்கவில்லை. அதனால் பல பத்தாண்டுகளுக்கு உலகம் அந்த ரயில் பாதையைப் போர்க்கைதிகளின் கதையாகவே படித்தது. தப்பி வந்த தமிழர்களில் சிலர் வயதான காலத்தில் சொன்னதை யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்தார்கள். அந்தப் பக்கத்துக் கதை கொஞ்சமாவது நமக்குத் தெரிவது அதனால்தான்.

எதை எழுதினார்கள், எழுதியதை யார் எடுத்து வைத்தார்கள், எழுதாதவர்களிடம் யார் போய்க் கேட்டார்கள் என்ற மூன்றையும் பொறுத்துத்தான் ஒரு வாழ்க்கை வரலாற்றில் தங்குகிறது. இந்த மூன்றையும் ஒரு சாதாரணக் குடும்பமே செய்ய முடியும். எப்படி என்று பார்க்கலாம்.

வீட்டில் இருக்கும் தாள்கள்

ஆவணம் என்றதும் பத்திரம், பட்டா, சிட்டாதான் பலருக்கு நினைவுக்கு வரும். அவற்றை யாரும் தொலைப்பதில்லை, பீரோவில் பூட்டி வைத்திருப்பார்கள். தொலைந்துபோவது மற்றதெல்லாம்தான்: போஸ்ட் கார்டு, இன்லண்ட் லெட்டர், மொய் நோட்டு, மளிகைக் கணக்கு, பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ், கப்பல் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பழைய ரேஷன் கார்டு. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது முதலில் எடைக்குப் போவதும் இவைதான்.

ஒரு மொய் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தெந்த ஊரிலிருந்து யார் வந்தார்கள், யார் எவ்வளவு செய்தார்கள், பணமாகத் தந்தார்களா பாத்திரமாகத் தந்தார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். இருபது வருஷ இடைவெளியில் நடந்த இரண்டு கல்யாணங்களின் நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த உறவு விட்டுப்போனது, யார் கை உயர்ந்தது, புதிதாக எந்த ஊரோடு தொடர்பு வந்தது என்று தெரியும். கல்யாணப் பத்திரிகையில் பெயர்களுக்குக் கீழே ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று அச்சடித்திருந்தால், அந்தக் குடும்பம் எங்கெங்கே பிழைக்கப் போனது என்பதற்கு அதுவே சாட்சி.

இந்த மாதிரித் தாள்களின் அருமை தெரிந்த ஒருவர் செட்டிநாட்டுக் கோட்டையூரில் இருந்தார். ரோஜா முத்தையா செட்டியார். விளம்பரப் பலகை எழுதுவது தொழில், பழைய அச்சுப் பொருள் சேர்ப்பது வாழ்க்கை. புத்தகங்களோடு பத்திரிகைகள், நாடக நோட்டீஸ்கள், அழைப்பிதழ்கள் என்று மற்றவர்கள் கழித்துப்போட்டதையும் சேர்த்தார். 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதைத் தமிழ்நாட்டை விட்டுக் கொண்டுபோகாமல், 1994-இல் சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக ஆக்கினார்கள். தமிழ் அச்சு வரலாற்றைப் பற்றி எழுத நினைப்பவர்கள் இன்று தரமணியில் உள்ள அந்த நூலகத்தின் படி ஏறாமல் இருக்க முடியாது.

உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி அலைந்தது எல்லாருக்கும் தெரியும். தனக்கு வந்த கடிதங்களையும் அவர் பாதுகாத்து வைத்திருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பெசன்ட் நகரில் அவர் பெயரில் உள்ள நூலகத்தில் அவை இருக்கின்றன. பதிப்பித்த நூல் முடிவைக் காட்டும். அந்த முடிவுக்கு வந்த வழியில் யார் உதவினார்கள், எந்த ஏடு யாரிடம் இருந்தது, எங்கே சந்தேகம் வந்தது என்பதைக் கடிதங்கள்தான் காட்டும்.

இன்னும் பின்னால் போனால் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை, ஆளுநர் மனைவியின் தலையீடு, ஊர்ப் பேச்சு என்று எல்லாம் அதில் உண்டு. நடை பெரும்பாலும் அன்றைய பேச்சு மொழி. எழுதும்போது இலக்கணமாக எழுத வேண்டும் என்று அவர் நினைத்திருந்தால், 18-ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரிக்காரர் எப்படிப் பேசினார் என்பது நமக்குத் தெரியாமலே போயிருக்கும். அவர் இறந்து ஏறக்குறைய 85 ஆண்டுகள் கழித்து, 1846-இல்தான் அந்த நாட்குறிப்பு வெளி உலகத்தின் கவனத்துக்கு வந்தது. அதுவரை அது வீட்டில் இருந்த ஒரு பழைய கட்டுதான்.

தாள்களைக் காப்பதில் ஆசையால் செய்யும் கெடுதல்தான் அதிகம். லேமினேஷன் போடாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, தாளும் உள்ளேயே கெடும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டினால் சில வருஷத்தில் டேப் உதிர்ந்து பழுப்புக் கறை நிற்கும். ரப்பர் பேண்டையும் துருப்பிடிக்கும் ஜெம் கிளிப்பையும் எடுத்துவிடுங்கள். பூஞ்சை போகட்டும் என்று வெயிலில் காயப்போடுவதும் வேண்டாம், மை வெளிறிவிடும். காற்றோட்டமான நிழலில் உலர்த்தி, கடிதத்தை மடிப்புப் பிரித்து, அமிலம் இல்லாத தாளில் செய்த உறையில், அது கிடைக்காவிட்டால் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, தரையிலும் பரணிலும் வைக்காமல் நடு அலமாரியில் வையுங்கள். பரணில் சூடு, தரையில் ஈரமும் கரையானும். தாளைத் தின்னும் ராமபாணப் பூச்சி ஏறியிருக்கிறதா என்று மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை பார்த்தால் நல்லது.

எழுதாதவர்களிடம் கேட்பது

வாய்மொழி வரலாறு என்பது ஒருவர் தன் வாழ்வில் நேரடியாகப் பட்டதை, பார்த்ததை, திட்டமிட்ட உரையாடலாகக் கேட்டுப் பதிவு செய்து, மற்றவர்களும் பயன்படுத்தும்படி சேமித்து வைப்பது. நாட்டார் கதை சேகரிப்பது வேறு வேலை. அங்கே பலர் வாயில் புழங்கும் கதை முக்கியம், இங்கே சொல்லும் ஆளின் சொந்த அனுபவம் முக்கியம். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகம் 1948-இல் இதற்கென்று ஓர் அலுவலகம் தொடங்கியது. முதலில் பெரிய பதவிகளில் இருந்தவர்களைத்தான் பேட்டி கண்டார்கள். பிறகு மெல்ல மெல்லச் சுரங்கத் தொழிலாளி, இல்லத்தரசி, அகதி என்று போனார்கள். சிங்கப்பூர் அரசு 1979-இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பிரிவில் தமிழில் பேசிய நேர்காணல்களும் இருக்கின்றன.

இதற்கு ஸ்டுடியோ வேண்டாம், கைப்பேசி போதும். ரெக்கார்டர் செயலியில் தரத்தை உயர்த்தி, முடிந்தால் ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாகப் பதியுங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல் பேசுபவருக்கு அருகில் வையுங்கள். மின்விசிறி, குக்கர் விசில், பக்கத்து அறை சீரியல், கோயில் ஒலிபெருக்கி எல்லாம் நேரில் காதுக்குப் பழகிப்போயிருக்கும், பதிவில் பேச்சை விழுங்கிவிடும். ஒரு நிமிஷம் பதிந்து கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தொடக்கத்தில் உங்கள் குரலில் நாள், இடம், பேசுபவர் பெயர், கேட்பவர் பெயர் நான்கையும் சொல்லிவிட்டால், அந்தக் கோப்பு எங்கே போனாலும் அனாதையாகாது.

கேள்வி கேட்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஓர் உதாரணத்துக்கு, ரங்கூனில் பிறந்து 1960-களில் கப்பலேறி வந்த ஓர் அப்பத்தாவிடம் பேரன் கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, 1964-இல் கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கியபோது சேர்த்ததை விட்டுவிட்டு வந்த பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்களில் ஒன்று.

"பர்மா எப்படி இருந்துச்சு அப்பத்தா?"

"நல்லாத்தான்யா இருந்துச்சு."

அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிடும். கேள்வி பெரியதாக இருந்தால் பதில் சின்னதாகத்தான் வரும். அதையே, "அப்பத்தா, ரங்கூன் வீட்டு வாசல்ல நின்னா எதுத்தாப்புல என்ன தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். எதிர்க் கடை வரும், கடைக்காரர் வருவார், அவர் மகள் வருவாள், அவளோடு பேசிய பர்மியச் சொற்கள் வரும். "கப்பல் ஏறுறப்ப கையில என்னென்ன எடுத்துக்கிட்டீங்க? எதை விட்டுட்டு வந்தீங்க?" என்பது இன்னொரு நல்ல கேள்வி. கண், கை, மூக்கு, நாக்கு இவற்றைத் தொடும் கேள்விகள் நினைவைத் திறக்கும். ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகளைத் தவிருங்கள். பதில் முடிந்ததாகத் தோன்றும்போது உடனே அடுத்த கேள்விக்குப் பாயாமல் சும்மா இருங்கள். அந்த இடைவெளிக்குப் பிறகு வருவது பெரும்பாலும் முக்கியமானதாக இருக்கும்.

"எந்த வருஷம்?" என்று கேட்பதால் பயன் குறைவு. நம் பெரியவர்கள் காலத்தை எண்ணால் வைத்துக்கொள்வதில்லை, நிகழ்ச்சியால் வைத்துக்கொள்கிறார்கள். "தனுஷ்கோடி புயலுக்கு முன்னாலயா பின்னாலயா?" என்று கேட்டால் பட்டென்று பதில் வரும். அந்தப் புயல் 1964 டிசம்பரில் அடித்தது. அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி, எம்.ஜி.ஆர் இறந்தது 1987 டிசம்பர். பெரிய பிள்ளை அப்போது நடந்ததா, தவழ்ந்ததா என்று கேட்டு இன்னும் நெருங்கலாம். பழைய கடிதங்களில் தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால், அது 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருவது என்பதை மறக்கக் கூடாது. குரோதி வருஷம் மார்கழி என்றால் 1964-ஆகவும் இருக்கலாம், 1904-ஆகவும் இருக்கலாம். தபால் முத்திரை, அஞ்சல் தலை, தாளின் வகை ஆகியவற்றை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஞாபகம் தப்பாக இருந்தால்? இந்தச் சந்தேகம் எல்லாருக்கும் வரும். இத்தாலியில் தெர்னி என்ற தொழில் நகரம். அங்கே லூயிஜி த்ரஸ்துல்லி என்ற 21 வயது இரும்பாலைத் தொழிலாளி, 1949 மார்ச்சில், நேட்டோ உடன்படிக்கைக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் போலீசாரால் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் கழித்து அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி என்ற ஆய்வாளர் அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டபோது பலர் அந்தச் சாவை 1953-இல் நடந்ததாகச் சொன்னார்கள். அந்த ஆண்டு ஆலையில் இரண்டாயிரம் பேருக்கு மேல் வேலை போய், தெருவில் கலவரம் நடந்தது. எல்லாருமா தேதியை மறந்துவிட்டார்கள்? போர்த்தெல்லி அதை வேறு மாதிரிப் பார்த்தார். 1949-இல் தங்களில் ஒருவன் செத்தபோது பதிலடி கொடுக்க முடியாமல் போனது அவர்களுக்கு ஆறாத அவமானம். 1953-இல் அவர்கள் எதிர்த்து நின்றார்கள். அவன் சாவுக்குப் பொருத்தமான இடம் அதுதான் என்று ஊரின் நினைவு முடிவு செய்துவிட்டது. தேதிக்கு அன்றைய செய்தித்தாள் போதும். அந்த ஊர் எதை மனத்தில் சுமந்தது என்பது இந்தப் பிழையிலிருந்துதான் தெரிந்தது. ஆகவே தாத்தா தேதியை மாற்றிச் சொன்னால் நடுவில் குறுக்கிட்டுத் திருத்த வேண்டாம். பேசவிட்டு, பிறகு பதிவோடு சேர்க்கும் குறிப்பில் சரியான தேதியை எழுதி வையுங்கள்.

ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் கேட்டுவிட நினைக்க வேண்டாம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் வயதானவர்கள் களைத்துவிடுவார்கள். முதல் நாள் பேச்சு கிளறிவிட்டது இரண்டாம் நாள்தான் மேலே வரும். கணவன் மனைவியைத் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்ந்து உட்கார்ந்தால் பெரும்பாலும் தாத்தா பேசுவார், ஆச்சி "ஆமா" சொல்வார். தனியாகக் கேட்டால் அதே வருஷங்களின் முற்றிலும் வேறொரு வரலாறு ஆச்சியிடம் இருக்கும்.

பேச்சை எழுத்தாக்கும்போது அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். "அங்ஙன", "வந்தாக", "எந்திரிச்சு" எல்லாம் அப்படியே இருக்கட்டும். திருத்தி எழுதிவிட்டால் ஊரும் போய்விடும், ஆளும் போய்விடுவார்.

தாளையும் குரலையும் சேர்ப்பது

என் கருத்தில் இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. கடிதமும் நேர்காணலும் தனித்தனியாக இருந்தால் இரண்டுமே அரைகுறை. "பெரியவனிடம் சொன்ன விஷயம் முடிந்தது, கவலை வேண்டாம்" என்று ஒரு கடிதத்தில் இருக்கும். எந்தப் பெரியவன், என்ன விஷயம் என்பது எழுதியவருக்கும் படித்தவருக்கும் தெரியும், நமக்குத் தெரியாது. உயிரோடு இருப்பவர்களில் அதை அறிந்தவர் ஒருவர் இருக்கலாம். அவர் இருக்கும்போதே கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்டி, அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். போட்டோ ஆல்பத்தை மடியில் வைத்து, ஒவ்வொரு படமாகக் காட்டி, இடமிருந்து வலமாக யார் யார் என்று கேளுங்கள். படத்தின் பின்பக்கம் மென்மையான பென்சிலால் லேசாக எழுதுங்கள், பேனா மை முன்பக்கம் ஊறிவிடும். பெயர் தெரியாத நூறு படங்களைவிட, பெயர், ஊர், வருஷம் எழுதிய பத்துப் படங்கள் பிற்காலத்துக்குப் பயன்படும்.

டிஜிட்டல் நகலுக்கும் இதே விதி. கடிதங்களை 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு), போட்டோக்களை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தால் போதும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, எழுதியவர், பெற்றவர் மூன்றும் தெரியட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது தரத்தைக் குறைத்துவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். மூன்று பிரதிகள் வேண்டும். அதில் ஒன்றாவது வேறு ஊரில், வேறு வீட்டில் இருக்க வேண்டும். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் இருந்தன. ஈழத்துத் தமிழ் எழுத்துகளையெல்லாம் மின்வடிவில் சேர்க்கும் 'நூலகம்' என்ற நிறுவனம் 2005-இல் தொடங்கப்பட்டது. அந்த இழப்பை அறிந்தவர்களுக்கு அதன் அவசியத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்று அதில் நூல், இதழ்களோடு வாய்மொழி வரலாறுகளும் சேர்கின்றன.

சம்மதம், பிறகு காப்பகம்

சொந்தப் பாட்டியாக இருந்தாலும் சம்மதம் கேட்க வேண்டும். எதற்காகப் பதிகிறோம், யார் கேட்பார்கள், இணையத்தில் போடுவோமா என்பதைத் தெளிவாகச் சொல்லி, அவருடைய பதிலையும் பதிவிலேயே வாங்கிவிடுங்கள். சொத்துத் தகராறு, சாதி மீறிய கல்யாணம், வீட்டுக்குள் நடந்த அடி உதை என்று எல்லாம் பேச்சில் வரும். பேசப்படுகிறவர்களின் பிள்ளைகள் அதே தெருவில் இருப்பார்கள். "இதைப் போடாதே" என்றால் போடக் கூடாது. போரில் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடமும் காணாமல்போனவருக்காகக் காத்திருப்பவரிடமும் கதை முழுமையாக வேண்டும் என்று தோண்டிக் கேட்பது கொடுமை. அவர் நிறுத்திய இடத்தில் நாமும் நிறுத்திவிட வேண்டும். கடிதங்களுக்கும் ஒரு நுணுக்கம் உண்டு: தாள் அதைப் பெற்றவருக்குச் சொந்தம் என்றாலும், எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான். அச்சில் போடும் முன் அவர்களிடம் கேட்க வேண்டும்.

வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்ற நிலை வரும்போது காப்பகத்தை நாடலாம். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் இருப்பவை பெரும்பாலும் அரசுப் பதிவுகள். முன்னோர் பெயரை நிலப் பதிவிலோ அரசாணையிலோ தேட அங்கே போகலாம். குடும்பக் கடிதம், அழைப்பிதழ், நோட்டீஸ் போன்றவற்றுக்கு ரோஜா முத்தையா போன்ற ஆராய்ச்சி நூலகங்களையும், இலங்கை சார்ந்தவற்றுக்கு நூலகம் நிறுவனத்தையும் அணுகிக் கேட்கலாம். எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஆகவே முதலில் ஒரு பட்டியல் எழுதி அனுப்புங்கள். நல்லதாகத் தெரிகிற பத்துக் கடிதங்களைப் பொறுக்கிக் கொடுக்காமல், கட்டு கட்டப்பட்டிருந்த வரிசையிலேயே முழுக்கக் கொடுங்கள். எது எதோடு சேர்ந்து இருந்தது என்பதும் ஆய்வாளருக்கு ஒரு தகவல். ஒப்படைக்கும்போது சில விஷயங்களை எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்: மூலம் அவர்களிடமே இருக்குமா, ஸ்கேன் செய்துவிட்டுத் திரும்ப வருமா? இணையத்தில் திறந்து வைப்பார்களா, நேரில் வருபவர்கள் மட்டும் பார்க்கலாமா? பேசியவர் உயிரோடு இருக்கும்வரை மூடி வைக்கச் சொன்ன பகுதி எது, அதை எந்த ஆண்டில் திறக்கலாம்? குடும்பத்தில் யார் கேட்டாலும் ஒரு பிரதி கிடைக்குமா என்பதையும் அதிலேயே சேர்த்து எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.